ஓட்டால் தப்புமா மரம்?

கேள்வி: குப்பை அள்ளும் கவுன்சிலுக்கு ஓட்டுப் போட்டால் பழைய வீடும் மரமும் பிழைக்குமா?

பதில்: ஓட்டு மட்டும் போதாது, சிட்னியின் ஹன்டர்ஸ் ஹில் புறநகரே சாட்சி.

அங்கே ஆற்றங்கரையில் மிச்சமிருந்த கெல்லிஸ் புஷ் என்ற புதர்க்காட்டில் சொகுசு வீடுகள் கட்ட ஒரு கம்பெனி கிளம்பியது. அதை எதிர்த்த 13 பெண்கள் கவுன்சில், எம்.எல்.ஏ., மாநில முதல்வர் என்று ஏறாத படியில்லை. கடைசியில் 1971-ல் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் கதவைத் தட்டினார்கள். வசதியான பேட்டைப் பெண்மணிகள். சங்கத்தை நடத்தியவரோ கம்யூனிஸ்ட் ஜாக் மண்டி! ஆனாலும் கூட்டணி அமைந்தது. காட்டில் ஒரு மரம் விழுந்தாலும், வடக்கு சிட்னியில் அதே கம்பெனி பாதி கட்டிய கட்டடம் என்றைக்கும் பாதியாகவே நிற்கும் என்று அங்கே வேலை செய்த தொழிலாளர்கள் அறிவித்துவிட்டார்கள்.

காடு தப்பியது. 1983-ல் அரசே அதைப் பொதுமக்களுக்கென்று எடுத்துக்கொண்டது.

சரி, கவுன்சில் எதற்கு? 1984-ல் மண்டியே சிட்னி நகரக் கவுன்சிலுக்கு நின்று ஜெயித்தார். சிட்னி இருக்கும் மாநிலத்தில் ரியல் எஸ்டேட் அதிபர்கள் தேர்தல் நன்கொடை தர 2009 முதல் தடை. ஒன்றுக்கும் உதவாத நாற்காலிக்கு யாராவது பணம் இறைப்பார்களா?

இன்னொன்று: அங்கே கவுன்சில் தேர்தலன்று ஓட்டுப் போடாமல் வீட்டில் படுத்திருந்தால் அபராதம்!