நட்டால் போதும்

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பூனைக்கு 800 கோடி ரூபாய் மானியமும் கொடுத்த கதை 2023 மார்ச்சில் நடந்தது. மின்சாரக் கார்களுக்காக நாடு முழுக்க 7,432 வேக சார்ஜிங் நிலையங்கள் வேண்டும். யாரிடம் ஒப்படைக்கலாம்? பெட்ரோல் விற்பனை குறைய வேண்டும் என்று இரவு பகலாகத் தவமிருக்கும் நிறுவனங்களாகப் பார்த்து எடுத்தது ஒன்றியக் கனரகத் தொழில் அமைச்சகம்: இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம். முதல் தவணையாக 560 கோடியும் கையில் கொடுத்தாயிற்று. எழுபது விழுக்காடு! வீடு கட்டும் கொத்தனாருக்கு நீங்களும் நானும் இப்படிக் கொடுத்தால் பெண்டாட்டி பிள்ளைகள் நம்மைச் சும்மா விடுவார்களா?

ஒரு வருடத்தில், 2024 மார்ச்சுக்குள், முடிந்துவிடும் என்றார்கள். அந்த மார்ச்சும் வந்தது. கூடவே, இன்னும் 980 சார்ஜர்களை அமைக்கவும் மேம்படுத்தவும் 73.50 கோடி வந்தது.

நியாயமாகப் பேசினால், பங்க்குகளைத் தேர்ந்தெடுத்ததில் காரணமில்லாமல் இல்லை. சாலையோரம் இடம் இருக்கிறது, ராத்திரி விளக்கு இருக்கிறது, ஆள் இருக்கிறார், கழிப்பறைகூட இருக்கிறது (பூட்டு தொங்கினாலும் இருப்பது இருப்பதுதானே). இல்லாதது ஒன்றுதான், அக்கறை. காற்றடிக்கும் மிஷினுக்குப் பின்னால் ஒரு பெட்டி நிற்கும். திரை இருட்டாக இருக்கும். பங்க் பையனைக் கேட்டால், "அது நம்மளுது இல்ல சார், கம்பெனிக்காரங்க வந்து பாப்பாங்க" என்பான். கம்பெனிக்காரருக்கு போன் போட்டால், "பெட்டி ரெடி சார், ஈபி சப்ளைதான் வரல" என்பார். ஈபி ஆபீசுக்குப் போனால், "இந்த டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது, தனியா டிரான்ஸ்ஃபார்மர் போடணும், எஸ்டிமேட் பணம் கட்டச் சொல்லுங்க" என்பார்கள். மூவரும் சொல்வது உண்மை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். 60 கிலோவாட் சார்ஜர் ஒன்று ஒரு தெருவின் வீடுகள் அத்தனையும் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தைத் தனியாக இழுக்கும். அதற்கு லைன் இழுக்காமல் பெட்டியை மட்டும் நடுவது, கிணறு வெட்டாமல் மோட்டாருக்குப் பூஜை போடுவது.

ஆனாலும் பூஜை போட்டாகிவிட்டது, எண்ணிக்கை ஏறிவிட்டது. 2024 பிப்ரவரியில் நாட்டில் 12,146 பொது சார்ஜிங் நிலையங்கள் என்றது அரசு. அதே ஆண்டு டிசம்பரில் 25,202. பத்தே மாதத்தில் இரண்டு மடங்கு! கைதட்டுங்கள். தட்டி முடித்ததும் ஒன்று கேளுங்கள்: இவற்றில் இன்று காலை கரண்ட் வந்தது எத்தனையில்? காருக்கானது எத்தனை, ஸ்கூட்டருக்கானது எத்தனை? 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்திலும் இந்த வித்தைதான். 2,000 கோடியில் 72,300 சார்ஜர் என்று மேடையில் முழங்குவார்கள். அதில் 48,400 இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு. கார்களுக்கான வேக சார்ஜர் 22,100. முழங்க எடுத்துக்கொண்ட எண் எது என்று சொல்லவும் வேண்டுமா?

நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று 2018 டிசம்பரில் விதி எழுதினார்கள். கூடவே இன்னொரு விதி. நிலையம் வைப்பவர் ஐந்து வகை சார்ஜரும் வைத்தே தீர வேண்டும். சிசிஎஸ், டைப்-2 சரி. பாரத் டிசி-001 என்ற 15 கிலோவாட் பெட்டி, அரசு அதிகாரிகளுக்கு வாடகைக்கு எடுத்த குறைந்த வோல்டேஜ் கார்களுக்காகப் பிறந்தது. இன்றைய கார்களில் அதன் கன் சொருகவே சொருகாது. ஜப்பானிய சாடேமோவும் கட்டாயம். அது பொருந்தும் காரை நம் சாலைகளில் விளக்குப் பிடித்துத்தான் தேட வேண்டும். ஒரு வருடம் கழித்து, சரி, எது வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள் என்று தளர்த்தினார்கள். அதற்குள் வாங்கிப் போட்டவர் கதை? காயலான் கடைக்காரரைக் கேளுங்கள். 25 கிலோமீட்டர் விதியாவது நிறைவேறியதா? அதைக் கேட்கும் முன்பே 2024இல் 20 கிலோமீட்டராகக் குறைத்து எழுதிவிட்டார்கள். எட்டாத இலக்கை இன்னும் எட்டத்தில் வைப்பதற்கு மானியம்கூடத் தேவையில்லை.

இனி வரிக்கு வருவோம். மின்சாரம் விற்க உரிமம் வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சார்ஜிங் நிலையம் வைப்பவர்கள் உரிமத்துக்கு அலைய வேண்டாம் என்று 2018 ஏப்ரலில் மின் அமைச்சகம் விளக்கம் கொடுத்தது: இது மின்சார விற்பனை அல்ல, சேவை. நல்ல காரியம்தான். பக்கத்து அறையில் வரித்துறை இதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. சேவைக்கு 18 விழுக்காடு. போடு!

காருக்கு 5 விழுக்காடு, அதற்குப் போடும் கரண்டுக்கு 18. இதை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். பங்களாவில் கார் ஷெட் வைத்திருப்பவர் வீட்டு மீட்டரில் சொருகிவிட்டுத் தூங்கப் போகிறார், அவருக்கு ஜிஎஸ்டி இல்லை. ஷெட்டும் இல்லாமல், அடுக்ககத்தில் பிளக் பாயின்ட் கேட்டு அசோசியேஷனிடம் பேச்சு வாங்கியவரும், கடனில் எடுத்த காரை டாக்ஸியாக ஓட்டுபவரும்தான் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வரி கட்டுகிறார்கள். இருப்பவனுக்குச் சலுகை, ஓட்டிப் பிழைப்பவனுக்குச் சேவை!

வரி கட்டவும் முதலில் கன் வேலை செய்ய வேண்டும், அதற்கு ஆப் வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் ஆப், ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு வாலெட், ஒவ்வொரு வாலெட்டிலும் முன்கூட்டியே போட்ட நம் காசு. சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் கரண்ட் வராது. தெருமுனையில் கீரை விற்கும் அம்மாகூட க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிற நாட்டில், லட்சக்கணக்கில் விலையுள்ள இந்தப் பெட்டிக்கு அது எட்டவில்லை. இதற்கு அரசு கண்டுபிடித்த தீர்வு: எல்லா ஆப்புக்கும் மேலாக இன்னோர் ஆப்!

எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று சமாதானம் சொல்ல ஆள் வரும். அமெரிக்கா 2021இல் 750 கோடி டாலர் ஒதுக்கி, அந்தப் பணத்தில் முதல் நிலையத்தை ஒஹையோவில் திறக்கவே 2023 டிசம்பர் ஆனது உண்மைதான். ஆனால் சார்ஜர் 97 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்பதை நிபந்தனையிலேயே எழுதிவைத்தார்கள். பிரிட்டனில் வேக சார்ஜர்களுக்கு 99 விழுக்காடு. தவறினால் ஒரு சார்ஜருக்குப் பத்தாயிரம் பவுண்டு வரை அபராதம், ஆப் இல்லாமல் அட்டையைத் தட்டிப் பணம் கட்டும் வசதியும் கட்டாயம். இங்கே, செத்துப்போன சார்ஜருக்கு அபராதம் கட்டிய ஒரே ஒரு நிறுவனத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

நெடுஞ்சாலை ஓட்டல் வாசல்களில் தனியார் வைத்த சார்ஜர்கள் பெரும்பாலும் ஓடுகின்றன. ஓட்டல்காரருக்கு சுற்றுச்சூழல் மேல் காதல் என்று யாரும் நினைக்க வேண்டாம். கார் முக்கால் மணி நேரம் சார்ஜ் ஏறும்போது குடும்பம் உள்ளே உட்கார்ந்து பொங்கலும் வடையும் காபியும் சாப்பிடுகிறது. சார்ஜர் படுத்தால் அவர் மேஜை காலி. அதனால் அவரே ஓடிவந்து பிரேக்கரைப் போட்டுப் பார்க்கிறார், கம்பெனிக்காரனைத் திட்டுகிறார். பங்க்கில் சார்ஜர் படுத்தால் யாருக்கு நஷ்டம்? பேட்டரி தீர்ந்து நிற்கும் காரைத் தூக்கிப்போக ஒரு ரெக்கவரி வண்டி வரும். வந்த கையோடு, அந்த இருட்டுப் பெட்டிக்குப் பத்தடி தள்ளி, அதே பங்க்கில் டேங்க் நிறைய டீசல் போட்டுக்கொள்ளும்.