எழுத்ததிகாரம்: ரெய்டு கன்ட்ரோலரின் ‘எழுதியாச்சு’ குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

தொல்காப்பியர் எழுத்துக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஹார்ட் டிஸ்கில் எழுதுவதற்கு வகுக்கவில்லை. அக்குறையைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம்: சர்வர் அறை. ஆய்வுக்காலம்: வெள்ளிக்கிழமை மாலை, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு.

1. பெயரியல்

1988இல் பெர்க்கிலியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும், பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்தாளும் ரெய்டு பற்றிக் கட்டுரை எழுதியபோது அப்பெயரிலுள்ள ‘ஐ’ இனெக்ஸ்பென்சிவ், அதாவது மலிவு. பின்னாளில் அது ‘இண்டிபெண்டன்ட்’ எனத் திரிந்தது. விலைப்பட்டியலைப் பார்த்தோர்க்கு இத்திரிபின் புணர்ச்சி விதி விளங்கும்.

2. எழுத்தின் வகை

எழுத்து இருவகைத்து. எழுதிவிட்டுச் சொல்வது ரைட் த்ரூ. சொல்லிவிட்டு எழுதுவது ரைட் பேக்.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கும். அதுவரை பொறுக்காத கன்ட்ரோலர், தரவைத் தன் கேஷில், அதாவது தற்காலிக நினைவகத்தில், போட்டுக்கொண்டு ‘எழுதியாச்சு’ என்கிறது. குளியலறையிலிருந்து போனில் ‘பஸ் ஏறிட்டேன்’ என்பாரை ஒப்பிட்டு நோக்குக. வேறுபாடு ஒன்றே: கன்ட்ரோலரிடம் பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் அது சொன்ன சொல்லைக் காக்கும். பேட்டரி செத்தால் ரைட் பேக் தானே ரைட் த்ரூவாகத் திருந்திவிடும். அப்போதும் திருந்தாத வகைக்கு ‘ஆல்வேஸ் ரைட் பேக்’ என்று பெயர்.

3. நூற்பாவும் உரையும்

மெகாரெய்டு அட்டைகளுக்குரிய ஸ்டோர்சிஎல்ஐ என்னும் கருவியின் நூற்பா வருமாறு:

/சி0/வி0 செட் பிடிகேஷ்=ஆஃப்

உரை: சி0 என்பது முதல் கன்ட்ரோலர். முதலாவதற்கு எண் 0 ஆனது ஏன் எனின், அது கணினியார் வழக்கு என்க. வி0 அதன்கீழ் உள்ள முதல் மெய்நிகர் வட்டு. பிடிகேஷ், ஒவ்வொரு வட்டும் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் சொந்தக் கேஷ். ஆஃப் வெளிப்படை.

தடை: பேட்டரிதான் உண்டே, வட்டின் கேஷை அணைப்பானேன்?

விடை: அற்றன்று. பேட்டரி காப்பது கன்ட்ரோலரின் கேஷை மட்டுமே. வட்டு ‘எழுதியாச்சு’ என்றதும் கன்ட்ரோலர் அதை நம்பித் தன் பிரதியைக் கைவிட்டுவிடும். அந்த நொடியில் கரண்ட் போனால் தரவு இங்கும் இல்லை, அங்கும் இல்லை. முதல் பொய்க்கு ஜாமீன் உண்டு, இரண்டாவதற்கு இல்லை.

புறனடை: மின்வெட்டைத் தாங்க மின்தேக்கி பொருத்திய எஸ்எஸ்டிகளுக்கு இவ்விதி அவ்வளவாகப் பொருந்தாது.

இப்போதைய நிலையை அறிய ‘ஷோ ஆல்’ என்று வினவுக. ‘டிஸ்க்ஸ் டிஃபால்ட்’ என்று விடை வந்தால் ‘வட்டின் இஷ்டம்’ என்று பொருள்கொள்க. வினாவுக்கு இது விடையன்று. ஆயினும் அரசு அலுவலகம் சென்றோர்க்குப் புதிதுமன்று.

4. முடிவும் வரம்பும்

பிடிகேஷ் அணைக்கப்பட்டது. திங்கட்கிழமை காலை, கணக்குப் பிரிவிலிருந்து ‘சர்வர் ஸ்லோவா இருக்கு சார்’ என்று போன் வந்தது. ‘பார்த்துட்டேன்மா, சரி பண்ணியாச்சு’ என்று ஆய்வாளர் விடையிறுத்தார். அப்போது அவர் டீக்கடையில் இருந்தார்.

ஆய்வாளருக்குப் பேட்டரி கிடையாது என்பது இவ்வாய்வின் வரம்பு.