எட்டும் எட்டும் ஒரு பங்காளியும்

கோட்டைப்பட்டினத்தில் படகில் கூட்டுச் சேர்வதென்றால் டீசல் யார், ஐஸ் யார், வலை கிழிந்தால் யார் என்று பொழுது சாயும்வரை பேசலாம். பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையில் பங்காளியாக அரை நிமிடம் போதும்.

கோவாவில் மாண்டோவி ஆற்றுச் சூதாட்டக் கப்பல்களை நினைத்துக்கொள்ளுங்கள். (நம்மூரில் படகேறினால் மீன் பிடிக்கலாம், அங்கே ஏறுகிறவரே மீன்.) ஒருவருக்கு இரண்டு எட்டு வருகிறது. கூட்டினால் பதினாறு, சீட்டிலேயே கேடுகெட்ட எண். பிரித்து இரண்டு கையாக ஆடலாம்; ஆனால் முதல் பந்தயத்துக்குச் சமமாக இன்னொரு பந்தயம் வைக்க வேண்டும். அவர் பையைத் தடவுவதற்குள் பக்கத்து நாற்காலி கனைக்கிறது: "அண்ணே, அந்த ஒரு கையை நான் எடுத்துக்கட்டுமா?"

எல்லா மேசையிலும் இதற்கு அனுமதி கிடையாது. இருந்தால் மரியாதை இதுதான்: காசு பங்காளியுடையது, சீட்டு வாங்கும் முடிவு எட்டுகள் வந்தவருடையது. தோற்றால் முறைக்கக் கூடாது.

பரோபகாரம் எப்போது பொங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். டீலர் முன்னால் ஆறு இருந்தால் பிரித்த எட்டுகள் லாபக் கை. அதை விற்பவர் ஏமாளி. வாங்க வருபவர் உத்தமர். டீலரிடம் பத்து இருந்தாலும் பிரிப்பதே கணக்குப்படி சரி. ஆனால் அது லாபத்துக்கு அல்ல, நஷ்டத்தைக் குறைக்க.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து நாற்காலிக்குப் போன் வரும்.