அப்படியே ரெக்கார்டு மாதிரி

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவனுக்கு இந்த உலகம் ஒதுக்கி வைத்திருக்கும் உச்சபட்சப் பாராட்டு ஒன்றுதான்: “அப்படியே ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சுண்ணே!” இந்த ஒரு வரிக்காக மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றி மேடை போட்ட ஊரிலெல்லாம் என் இளமையைக் கரைத்திருக்கிறேன். “அந்த இடத்துல நீங்களா என்னமோ ஒண்ணு போட்டீங்களே” என்று யாராவது வந்து சொன்னால் அது புகார். அடுத்த வருஷத் திருவிழா அட்வான்ஸ் வேறு குழுவுக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘பயணங்கள் முடிவதில்லை’ 1982இல் வந்தது. அதில் நிலாப் பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டார், தமிழ்நாட்டு மேடைக் கிட்டார்காரர்களுக்கெல்லாம் நுழைவுத் தேர்வு. எங்கள் கிட்டார்காரர் அதைக் கல்யாணமான புதிதில், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மனைவி, பெரியவர்கள் பேசி முடித்துத் திரும்பி வந்தபோது இவர் இரண்டாவது பிட்டில் இருந்தார்.

குழுவில் பாடுகிறவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. எங்கள் டிஎம்எஸ்ஸுக்குப் பகலில் மளிகைக் கடை. எங்கள் எஸ்பிபி கூட்டுறவு வங்கியில் காசாளர். எங்கள் ஜானகியக்கா தையல் கடை வைத்திருந்தார், அவரே பி. சுசீலாவும், ஆடி மாதத்தில் எல்.ஆர். ஈஸ்வரியும். மூன்று பேர் வேலை, ஒருவர் சம்பளம். டிஎம்எஸ்ஸின் மனைவியே எனக்குப் போன் செய்து, “தம்பி, டிஎம்எஸ் சாப்பிட்டாரா?” என்றுதான் கேட்பார். கச்சேரிக்கு வெளியே அவருடைய நிஜப் பெயர் எதற்காவது தேவைப்பட்டால் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. 2013 மே 25 அன்று டி.எம். சௌந்தரராஜன் காலமானார். எங்கள் டிஎம்எஸ் வீட்டில் துக்கம் விசாரிக்க ஆள் வந்துவிட்டது. அவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “என்ன செய்யிறது, வயசாயிருச்சு” என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். கையோடு மாலை வாங்கி வந்த ஒருவர், அதை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அந்த வருஷம் அஞ்சலிக் கச்சேரியாகவே ஓடியது. மனுஷன் இருந்தவரை இவருக்கு இத்தனை புக்கிங் வந்ததில்லை. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பர் 25 அன்று போனபோது கொரோனா காலம். மேடை இல்லை, அஞ்சலி இல்லை. எங்கள் எஸ்பிபி வீட்டுக்குள் அடைந்தபடி போனில் ஆறுதல் வாங்கிக்கொண்டிருந்தார். “நீங்க உடம்பைப் பாத்துக்கங்க சார்” என்று ஊர் முழுக்க அவருக்குச் சொன்னது. அவர் உண்மையிலேயே அழுதார்.

எங்களுக்கும் ஒரு புராணம் இருந்தது. இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய் வளர்ந்தவர். சென்னைக்கு வந்த பிறகு தம்பி கங்கை அமரனோடு எஸ்பிபியின் மேடைக் குழுவில் வாசித்தவர். 1976இல் ‘அன்னக்கிளி’. அடுத்த அத்தியாயம், 1992இல் ‘ரோஜா’: அதற்கு முன் ஏ.ஆர். ரகுமானும் சிவமணியும் ‘ரூட்ஸ்’ என்ற பேண்டில் சேர்ந்து வாசித்தவர்கள். ஆகவே வேனில் தூங்கி வழிகிற யார் வேண்டுமானாலும் நாளைக்குக் கோடம்பாக்கம் போகலாம். இந்தப் புராணத்தை எங்கள் குழு ஓனர் அழகாகச் சொல்லுவார். சம்பளம் குறையும் இரவுகளில் மட்டும் சொல்லுவார். ‘அன்னக்கிளி’ என்று அவர் ஆரம்பித்தாலே ஆளுக்கு நூறு ரூபாய் குறைகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். ‘ரோஜா’ வரை வந்துவிட்டால் பஸ் செலவு மட்டும்தான்.

ஒருவரும் கோடம்பாக்கம் போகவில்லை. தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி மேடை வரை போனோம். அதுவே டிஎம்எஸ்ஸுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றியது.

திருவிழாக் கச்சேரியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் நினைப்பது, பாட்டுப் பாடுவது கஷ்டம் என்று. பாட்டு சுலபம். அன்பளிப்பு அறிவிப்புதான் கஷ்டம். நூற்றியொரு ரூபாய் கொடுத்தவர் தன் பெயர், தகப்பனார் பெயர், கடைப் பெயர், கட்சிப் பொறுப்பு, புதிதாகப் பிறந்த பேரன் பெயர் எல்லாவற்றையும் சீட்டில் எழுதித் தருவார். சரணத்துக்கு நடுவில் நிறுத்தி வாசிக்க வேண்டும். அவருக்குப் பங்காளி ஒருவர் கூட்டத்திலேயே இருப்பார். ஐந்து நிமிஷத்தில் இருநூற்றியொன்று வரும். மேடைக்குக் கீழே ஒரு குடும்பச் சண்டை எங்கள் மைக் வழியாக நடந்துகொண்டிருக்கும். இடையிடையே சிச்சுவேஷனுக்கு ஏற்ற மாதிரி நான் ஸ்ட்ரிங்ஸ் போடுவேன்.

ஆடி மாதக் கச்சேரி இதற்கெல்லாம் மேலே. ஒரு ஊரில் ஜானகியக்கா அம்மன் பாட்டை எடுத்தார். ரிதம் பேட் வாசிக்கிற எங்கள் பேட் தம்பி உடுக்கை டோனை வைத்துக்கொண்டு உருட்டினான். முதல் சரணத்திலேயே முன்வரிசையில் ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் இன்னும் நாலு பேருக்கு. ரெக்கார்டில் அந்தப் பாட்டு மொத்தமே ஐந்து நிமிஷம். பாட்டு முடிந்ததும் முறைப்படி நிறுத்தினோம். ஊர்ப் பெரியவர் மேடை விளிம்பில் தாவி ஏறி, “யாருய்யா நிறுத்தச் சொன்னது? சாமி நின்னுக்கிட்டிருக்கு!” என்று கத்தினார்.

மறுபடி பல்லவி. மறுபடி சரணம். ஜானகியக்காவுக்குத் தொண்டை கட்டியதும் டிஎம்எஸ் வாங்கிக்கொண்டார். அவருக்கு வரி தெரியாது, தெரிந்த அம்மன் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார், சமயபுரத்திலிருந்து இருக்கன்குடி வரை. பிறகு பாட்டே போய்விட்டது. பம்பைச் சத்தத்தை நான் கீபோர்டில் பிடித்துக்கொண்டேன், பேட் தம்பி என் கையைப் பார்த்தான், நான் சாமியின் காலைப் பார்த்தேன். கால் வேகம் எடுத்தால் நாங்களும் எடுத்தோம், தணிந்தால் தணிந்தோம். ஒரு கட்டத்தில் சாமி என்னை நோக்கி விரலை நீட்டி, “இன்னும் வேகமா வாசிடா!” என்றது. தெய்வமே குறுக்கிட்டு டெம்போ சொன்ன கீபோர்டுக்காரன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். விபூதி போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி, ஒருவழியாகச் சாமி மலையேறியது. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சோடா குடித்தார். பிறகு மேடையைப் பார்த்து, “அடுத்து ஒரு கமல் பாட்டு போடுங்க தம்பி” என்றார்.

அன்றைக்கு நாங்கள் வாசித்தது எந்தக் கேசட்டிலும் கிடையாது. திரும்பி வரும்போது வேனில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நிலாப் பாட்டின் இரண்டாவது பிட்டில் ஒரு நோட் விட்டுப்போனதைப் பற்றிக் கிட்டார்காரரும் ஓனரும் திருமங்கலம் வரும்வரை சண்டை போட்டார்கள்.

பிறகு ஆள் குறைய ஆரம்பித்தது. சினிமாவில் ‘புன்னகை மன்னன்’ காலத்திலேயே, அதாவது 1986இலேயே, கம்ப்யூட்டர் வாசிக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்துக்கு அது பாசஞ்சர் ரயிலில் ஏறி நிதானமாக வந்து சேர்ந்தது, என் கீபோர்டுக்குள் உட்கார்ந்துகொண்டு. ப்ளாப்பி போடுகிற ரோலண்ட் எக்ஸ்பி-80 ஒன்றைப் பழையதாக, தவணையில் வாங்கினேன். அதில் வயலின் இருந்தது, புல்லாங்குழல் இருந்தது, நாதஸ்வரம்கூட ஒரு மாதிரி இருந்தது. ஓனர் ஒவ்வொரு சத்தமாகக் கேட்டுக் கேட்டு, அந்தந்த நாற்காலியை வேனிலிருந்து இறக்கிவிட்டார். எங்கள் குழுவில் வயலின் வாசித்த பெரியவர் போகும்போது கோபப்படவில்லை. “தம்பி, அந்தப் பொட்டிக்கு எவ்வளவு சம்பளம்?” என்று மட்டும் கேட்டார்.

“சம்பளம் இல்லைண்ணே, தவணை” என்றேன்.

“அப்ப நம்மளை விட மோசமான பொழப்புதான்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

அப்புறம் மைனஸ் ட்ராக் வந்தது. பாட்டில் பாடகர் குரலை மட்டும் எடுத்துவிட்டு மீதி அத்தனையும் ஒரு பென் டிரைவில் இருந்தது, நான் உட்பட. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000இலேயே விதி வந்துவிட்டது. விடிய விடியக் கச்சேரி என்பது பேச்சாகிப் போனது. மண்டபங்களில் டீஜே வந்தார். யோசித்துப் பார்த்தால் இதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை. ரெக்கார்டு மாதிரி வாசிக்கிறோம் என்று ஊர் ஊராகப் போய்ச் சத்தியம் செய்தவர்கள் நாங்கள். ஜனங்களும் ஒருநாள் யோசித்து ரெக்கார்டையே கூப்பிட்டுக்கொண்டார்கள். அதற்குச் சாப்பாடு போட வேண்டாம், வேன் வாடகை வேண்டாம், நடுராத்திரியில் “டிஎம்எஸ்ஸுக்கு மட்டும் ஏன் சிக்கன்?” என்று கேட்காது.

இப்போது ஆளுக்கொரு பக்கம். ஜானகியக்கா ஸ்மூல் ஆப்பில் பாடுகிறார். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, குவைத்தில் இருக்கும் யாரோ ஒருவரோடு டூயட். அந்தப் பக்கத்துக்காரர் சுருதி விலகினால் இந்தப் பக்கம் துணியில் ஊசி ஓங்கிக் குத்துகிறது. எங்கள் எஸ்பிபி ஓய்வு பெற்றுவிட்டு கரோக்கி கிளப்பில் சேர்ந்துவிட்டார். அங்கே எல்லாரும் மாதச் சந்தா கட்டிப் பாடுகிறார்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்ற அதிகாரிகள். பாடினால் காசு கொடுப்பார்கள் என்று நம்பி வளர்ந்த மனுஷன், காசு கொடுத்தால்தான் பாடலாம் என்ற கட்டத்துக்கு வந்துவிட்டார். “பரவாயில்லை தம்பி, இங்கே அன்பளிப்புச் சீட்டு வாசிக்க வேண்டியதில்லை” என்கிறார். பேட் தம்பி ஷாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுகிறான். எங்கள் கூட்டத்தில் வசதியாக இருப்பவன் அவன்தான். நான் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வகுப்பு எடுக்கிறேன். லண்டன் டிரினிட்டி தேர்வுக்குத் தயார் செய்கிறேன் என்று போர்டில் எழுதியிருப்பதால் பெற்றோர் மரியாதையாகப் பேசுகிறார்கள். சேர்க்க வருகிற எல்லாரும் கேட்பது, “எத்தனை மாசத்துல சார் மேடை ஏத்தலாம்?” இறங்கியவனிடம் வந்து கேட்கிறார்கள்.

போன வாரம் ஓனர் கூப்பிட்டார். குரலில் ‘அன்னக்கிளி’ இல்லை, நல்ல செய்தி என்று புரிந்தது. மண்டபத்தில் ஒரு வரவேற்பு. மணப்பெண்ணின் அப்பா கல்யாணத்துக்கு நாங்கள்தான் வாசித்தோமாம், மகள் கல்யாணத்துக்கும் அதே குழு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். எல்லாரையும் குழு அழைப்பில் சேர்த்துவிட்டார். விழா ஏற்பாடு செய்யும் பையனும் அதில் இருந்தான். ரொம்ப மரியாதையான பையன்.

“அண்ணே, நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். பாட்டு லேப்டாப்ல ஓடும். நீங்க வாசிக்கிற மாதிரி நின்னா போதும். வீடியோவுல ரிச்சா இருக்கும்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கிட்டார்காரர், “நிலாப் பாட்டு இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றான் பையன். “அப்ப நான் வாசிச்சேதான் தீருவேன். வயர் குடுக்காட்டியும் விரல் சரியாத்தான் ஓடும்” என்றார். டிஎம்எஸ், லிஸ்டில் தனக்கு என்ன பாட்டு என்று விசாரித்தார். அனிருத் என்று சொன்னதும், “சரி, வாயை மட்டும் அசைச்சா அவரு எனக்குத் தம்பி மாதிரிதானே” என்று ஒப்புக்கொண்டார். எஸ்பிபிக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை என்பதே போதுமாக இருந்தது. ஜானகியக்கா புதுப் புடவை பற்றி மட்டும் பேசினார்.

தகராறு ட்ரம்ஸ் அண்ணனிடமிருந்து வந்தது. எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்பதை அவர் ஏற்கவில்லை. “கீபோர்டுக்காரன் வயரைப் புடுங்கிட்டு நிம்மதியா அமுக்கிக்கிட்டிருப்பான். பாடுறவங்க வாயை அசைச்சாப் போதும். என் ட்ரம்ஸுக்கு ஏதுடா வயரு? குச்சி பட்டா சத்தம் வரும். படாம, பட்ட மாதிரி ராத்திரி பூரா அடிக்கணும். அடிக்கிறதை விட இது கஷ்டம்டா. ஐநூறு கூடப் போடச் சொல்லு.”

ஓனர் இருநூறு வரை இறங்கி வந்திருக்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை.