பார்த்தே மீட்டார்கள்!

கேள்வி: நிறுத்திவிட்ட கார்ட்டூனை மறுபடி போடச் சொல்லி ரசிகர்கள் கெஞ்சினால் டி.வி. கம்பெனிகள் காதில் போட்டுக்கொள்ளுமா?

பதில்: கெஞ்சினால் காதில் விழாது, கணக்கில் தெரிந்தால் விழும்! அமெரிக்காவின் ‘யங் ஜஸ்டிஸ்’ அப்படித்தான் பிழைத்தது. கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2010-ல் தொடங்கிய தொடர், 46 எபிசோடுகளோடு 2013-ல் நின்றுபோனது. கதையில் குறை இல்லை. தயாரிப்புச் செலவுக்குக் கைகொடுத்தது மேட்டல் பொம்மைக் கம்பெனி. பொம்மைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை, பணம் நின்றது. பொம்மை போணியாகாததற்குக் கதைக்குத் தண்டனை! என்ன நியாயம் சார் இது?

அதிலும் கடைசி எபிசோடு இருக்கிறதே... உலகைக் காப்பாற்ற வட துருவப் பனியில் ஓடிக்கொண்டே இருக்கும் இளம் ஹீரோ வாலி வெஸ்ட், கண்ணெதிரே மறைந்துபோகிறான். பெரிய வில்லன் டார்க்சைட் அப்போதுதான் தலைகாட்டுகிறான். அந்த இடத்தில் போய் இழுத்து மூடினால் எந்தப் பிள்ளைக்குத்தான் மனசு ஆறும்?

ரசிகர்கள் விடவில்லை. மனுப் போட்டார்கள். தயாரிப்பாளர் கிரெக் வைஸ்மன் அதைவிட நல்ல வழி சொன்னார்: நெட்ஃபிளிக்ஸில் திரும்பத் திரும்பப் பாருங்கள். பார்த்தார்கள், ஊரையும் பார்க்கவைத்தார்கள். தொடர் மறுபடி வரும் என்று 2016 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2019 ஜனவரியில் மூன்றாவது சீசன். பள்ளிக்கூடப் பையோடு பார்த்தவர்கள் அதற்குள் கல்லூரிக்கே போய்விட்டார்கள். ஆனாலும் மறக்கவில்லை பாருங்கள், அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு சபாஷ்! பிறகு நான்காவது சீசனும் வந்தது.