வாசனை ரப்பர் கோரும் விண்ணப்பம்

மேன்மை தங்கிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் சமூகத்திற்கு, சேர்வராயன் மலை நாகலூரிலிருந்து பழைய மாணவன் ஒருவன் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கிரையான், மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் வண்ணப் பென்சில், ஆறாம் வகுப்பில் கணித உபகரணப் பெட்டி, இவற்றோடு நோட்டு, புத்தகப் பை, காலணி என்று பிராயத்துக்கேற்ற ஐசுவரியங்களை விலையில்லாமல் வழங்கிவரும் தாங்கள், மலைப்பிரதேசத்துப் பிள்ளைகள் குளிரில் விறைத்துப் போய்விடக் கூடாதே என்று கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் பூட்ஸும் சேர்த்து அனுப்பும் கருணையை, ஆடி மாதத்து மூடுபனியில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வெறுங்காலோடு பள்ளிக்கு நடந்த எவனும் குறை சொல்லத் துணியமாட்டான். ஆயினும் இந்த உபகாரங்களால் விளைந்துவிட்ட ஒரு நஷ்டத்தைச் சமூகத்தின் கவனத்துக்குக் கொண்டுவராமல் இருக்க முடியவில்லை. வகுப்பில் ஒருவனைப் பார்த்து மற்றவன் வயிறெரிய இப்போது மார்க்கமே இல்லை.

எங்கள் காலத்தில் அந்த வசதி தாராளமாக இருந்தது. சேலத்து மாமா வாங்கித் தந்த காந்த மூடிப் பென்சில் பெட்டியுடன் ஒருவன் வந்துவிட்டால், அதன் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்த உள்ளிருந்து பென்சில் துருவி துள்ளி எழுவதையும், ஆசிரியர் வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்லும் நேரத்தில் மூடி ‘டப்’பென்று தானாகவே ஒட்டிக்கொள்வதையும் காண, முன்பெஞ்சு முழுவதும் பின்பக்கம் திரும்பியிருக்கும். அவன் கணக்கில் பூஜ்யம் வாங்கினாலும், கிரிக்கெட்டில் முதல் மட்டை அவனுக்கே. அவனிடமிருந்த ஸ்ட்ராபெரி வாசனை ரப்பரோ வேறு ரகம். கமலா ஆரஞ்சும் பலாவும் கொய்யாவும் காலடியில் உருளும் மலையில் பிறந்த நாங்கள், கண்ணால் பார்த்திராத ஒரு பழத்தின் பரிமளத்தை அந்த இளஞ்சிவப்புத் துண்டில்தான் அறிந்தோம். முகர்ந்து திருப்தியடையாத ஒருவன் அதன் மூலையைக் கடித்தும் பார்த்தான். ருசி சொல்லும்படி இல்லை. பல் தடம் மட்டும் வருஷக் கடைசி வரை இருந்தது.

ரப்பர் வாங்க இயலாதவர்களுக்கு விஞ்ஞானம் இருந்தது. நடராஜ் பென்சிலின் சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பராகிவிடும் என்பது அன்றைய ஏகோபித்த அபிப்பிராயம். பால் திரிந்ததும் முதுகில் அடி விழுந்ததும் தவிர அந்த ஆராய்ச்சிக்கு வேறு பலன் கிட்டவில்லை. சிவப்பும் நீலமுமாய் இரு பக்கம் கொண்ட ரப்பரின் நீலப் பக்கம் மையை அழிக்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். அது மையோடு காகிதத்தையும் அழித்தது.

இப்போது எல்லாப் பெட்டியும் ஒரே பெட்டி. எல்லாப் பையும் ஒரே பை. பொருளின் மேலிருக்கும் படத்தின் மகிமை தங்களுக்குத் தெரியாதது அல்ல. எங்கள் பெட்டி மூடியில் சிலந்தி மனிதன் ஒட்டியிருந்தான்; தங்கள் பைகளில் முதலமைச்சர்கள் இருந்தார்கள். ஆட்சி மாறிய 2021-இல், முன்னாள் முதலமைச்சர்களின் படம் அச்சான சுமார் 65 லட்சம் பைகளை வீணாக்காமல் அப்படியே விநியோகித்து 13 கோடி ரூபாய் மிச்சம் பிடித்தது மெச்சத்தக்க காரியம். ஆனால் யார் படம் இருந்தாலும் எல்லாப் பையிலும் அதே படம் என்றால், பக்கத்துப் பெஞ்சுக்காரன் எதைக் காட்டிப் பீற்றிக்கொள்வான் என்பதைத் துறை யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே என் பிரார்த்தனை சிறியது. வகுப்புக்கு ஒரே ஒரு வாசனை ரப்பர் வழங்கப்பட வேண்டும். அதுவும் குலுக்கல் முறையில் ஒரே ஒரு பிள்ளைக்கு. மற்றவர்கள் தினம் ஒரு தடவை, வீட்டுக் கணக்கைக் காட்டிய பிறகு, முகர்ந்து பார்க்கலாம். கடித்தால் அபராதம். ரப்பரின் மீது எந்தத் தலைவர் படத்தையும் அச்சிட வேண்டாம். அழிக்கத் தொடங்கியதும் முதலில் தேய்வது அதுவாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கிடையே ஒருவனுக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்கும் இந்த விண்ணப்பத்தை நிதித்துறையும் ஆட்சேபிக்காது என்று நம்புகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் தக்க உத்தரவு பிறப்பிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கடைசிப் பெஞ்சு, நாகலூர்