கிரானோன் ஏற்றம்

கேள்வி: சைக்கிளில் மலையேறுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

பதில்: சமவெளியில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றிலிருந்து தப்பிக்கலாம். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைந்துவிடும். அந்த முதுகும் அவ்வளவாக உதவாது. அங்கே கால்கள் சொந்தக் கையிருப்பில்தான் செலவு செய்தாக வேண்டும்.

ஓர் உதாரணம்: 2022 ஜூலை 13, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 11ஆம் கட்டம். முந்தைய இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்ற போகாச்சர், அன்றும் மொத்தக் கணக்கில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையோடு கிளம்பினார். 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே மலையில் அவருடைய போட்டியாளர்கள் ரோக்லிச்சும் விங்கேகோவும் மாறிமாறிப் பாய்ந்தார்கள். இருவரும் ஒரே அணி. ஒருவரைப் பிடித்தால் அடுத்தவர் கிளம்புவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி! போகாச்சர் சளைக்காமல் இருவரையும் தானே துரத்தினார். வீரம்தான், ஆனால் இரண்டு மூன்று பாய்ச்சல்களையாவது அவர் விட்டுப் பிடித்திருக்கலாம் என்பது என் கட்சி.

கடைசி ஏற்றமான கிரானோன் 11.3 கிலோமீட்டர். சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்கும் மேல். முடிய ஐந்து கிலோமீட்டர்கூட இல்லாதபோது விங்கேகோ பாய்ந்தார். போகாச்சரின் கால்கள் மறுத்துவிட்டன. ஒருகாலத்தில் டென்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்த விங்கேகோ, மஞ்சள் சட்டையை வாங்கிக்கொண்டார். போகாச்சர் இழந்தது 2 நிமிடம் 51 விநாடி.

கடைசி ஏற்றத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முந்தைய மலையிலிருந்தே பாருங்கள்.